மதராசியும் வடக்கனும்

போன வாரம் மும்பை லோக்கலில் தொங்கிக்கொண்டே குடும்ப வாட்ஸப் குரூப்பைத் திறந்தேன். கோயம்புத்தூர் தம்பி (சித்தப்பா மகன்) ஒரு வீடியோ போட்டிருந்தான். கீழே ஒரு வரி: "வடக்கனுங்களை விரட்டினாத்தான் நம்ம பசங்களுக்கு வேலை."

எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. வேறெங்கே, பெரியப்பா சொன்ன கதையில்தான்.

பெரியப்பா டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் படித்துவிட்டு 60களில் பம்பாய்க்கு ரயிலேறியவர். மாட்டுங்காவில் ஒரு அறையில் ஆறு பேர். பால் தாக்கரே 1960இல் ஆரம்பித்த 'மார்மிக்' வார இதழ், பம்பாய் கம்பெனிகளில் இருக்கும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட ஆரம்பித்தது. முதலில் 'படியுங்கள், சும்மா உட்காருங்கள்' என்று கிண்டலாகத் தலைப்பு. பிறகு 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று ஆனது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. தமிழர், மலையாளி, கன்னடர் எல்லோரும் ஒரே 'மதராசி', அடையாளம் லுங்கி. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. பெரியப்பா அதோடு வெளியில் வேட்டி கட்டுவதை விட்டவர்தான், கடைசிவரை கட்டவில்லை.

அன்றைக்கு வெறுப்பைப் பரப்ப அச்சகம் வேண்டியிருந்தது. 2012இல் கட்டைவிரல் போதுமானதாக இருந்தது. அப்போது நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். ஜூலையில் அசாமின் கோக்ராஜாரில் கலவரம். ஆகஸ்டில், வடகிழக்கு மக்களைத் தாக்கப்போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ்.சிலும் ஃபேஸ்புக்கிலும் வதந்தி. ஆயிரக்கணக்கானவர்கள் பையும் கையுமாக ரயில் நிலையத்தில். குவாஹாட்டிக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். மொத்தமாக அனுப்பும் எஸ்.எம்.எஸ்.சுக்கு நாளைக்கு 5 என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது.

2023 மார்ச்சில் நம்ம ஊர் முறை. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. பொய் என்றது தமிழ்நாடு போலீஸ். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்தது. அடி பொய்தான், ஆனால் பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தது, நாம் சாதாரணமாக எழுதிப் பழகிவிட்ட 'வடக்கன்' என்ற வார்த்தையும்தானே?

வேலை போகும் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைந்த கூலிக்கு ஆள் தேடுவது முதலாளி, திட்டு வாங்குவது மூட்டையோடு வந்து இறங்கியவன். 1966லும் அப்படித்தான்.

குரூப்பில் எழுதினேன்: "பெரியப்பாவும் இங்கே ஒருகாலத்தில் வடக்கன்தான்டா, பேர்தான் மதராசி."

பதில் வந்தது: "அண்ணா, அது வேற, இது வேற."

எது வேற என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்களேன்.