இரத்த வறையும் இஸ்ரவேலரின் பந்தியும்

மொன்றியல் கடைகளில் பாண், பிஸ்கட் பொதிகளில் ‘எம்.கே.’ என்ற முத்திரையை நாம் அடிக்கடி காண்கிறோம். அது யூதரின் கோஷர் அடையாளம். கோஷர் இறைச்சியை ஊறவைத்து, உப்பிட்டு, இரத்தத்தை வடித்த பிறகே சமைப்பார்கள். (1928இல் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் கடையின் புகையூட்டிய இறைச்சி யூதர் கொண்டுவந்த சுவைதான், ஆனால் கோஷர் அல்ல!)

இதன் வேர் லேவியராகமம் 17. உயிர் இரத்தத்தில் இருக்கிறது, உயிரோ கர்த்தருடையது. ஆகவே வனாந்தரத்தில் ஆடு மாடு அடிப்பவர் அதை ஆசரிப்புக் கூடார வாசலுக்குக் கொண்டுவரவேண்டும். கானானில் சிதறிக் குடியேறிய பின் இது எப்படி முடியும்? தூரத்தில் இருப்பவர்கள் தங்கள் ஊரிலேயே அடித்துச் சாப்பிடலாம் என்று உபாகமம் 12 இடங்கொடுத்தது. இரத்தத்தை மட்டும் தரையில் ஊற்றிவிடவேண்டும். பெலிஸ்தரை முறியடித்த நாளில், பசி தாங்காத வீரர்கள் இரத்தம் வடியாத இறைச்சியை உண்டபோது, சவுல் பெரிய கல்லொன்றை உருட்டுவித்து அங்கே முறைப்படி அடிக்கச் செய்தான்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆட்டு இரத்த வறை உண்டு. விசுவாசிகள் அதைச் சாப்பிடலாமா? அப்போஸ்தலர் 15இல் எருசலேம் சங்கம் புறஜாதியார்மேல் விருத்தசேதனத்தைச் சுமத்தவில்லை. இரத்தத்தை விலக்கவோ சொன்னது. மேற்குத் திருச்சபை இதைப் பின்னர் தளர்த்தியது. கிழக்கில் 692ஆம் ஆண்டுச் சங்கம் மறுபடியும் தடுத்தது. யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் அமர்வதே எருசலேமின் நோக்கம் என்று நமக்குத் தோன்றுகிறது. நம்மில் பலர் வறையைச் சாப்பிடுகிறோம். வேண்டாமென்பவர் பந்தியில் இருக்கும் நாளில் அதைச் சமைப்பதில்லை.