கழக்கூட்டத்திலிருந்து ஒரு சிறு யாத்திரை

பிழைப்பின் பொருட்டுப் பிற மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு விடுமுறை நாட்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆண்டுக்கொருமுறை ஊர் திரும்பினால் குலதெய்வ வழிபாடு, உறவினர் வீட்டுத் திருமணம், பெற்றோரின் வைத்தியம், நிலத்துக்கு வரி கட்டுதல் என்று நாட்கள் கரைந்து போகின்றன. கடைசியில் எஞ்சுவது பெரும்பாலும் இரண்டு நாட்களே. அவ்விரண்டு நாட்களில் சுவாமி தரிசனமும் ஆகவேண்டும். வெளியூரில் வளரும் குழந்தைகள் நாட்டின் சரித்திரத்தைச் சிறிதேனும் கண்ணால் காணவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றும் ஒரு சிறு ரயில் பயணத்தைப் பற்றி இங்கே கூற முற்படுகிறோம். அதற்கு நாம் தேர்ந்துகொண்ட நடுவிடம் திருவனந்தபுரத்தை அடுத்துள்ள கழக்கூட்டம்.

கழக்கூட்டம் திருவனந்தபுரம் மத்திய நிலையத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில், கொல்லம் செல்லும் ரயில் பாதையில் அமைந்திருக்கிறது. 1990ஆம் ஆண்டில் இங்கே டெக்னோபார்க் தோன்றியது. அருகிலுள்ள தும்பைக் கடற்கரையிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் விண்ணில் ஏவப்பட்டது. இவ்விரு நிறுவனங்களின் காரணமாகத் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்வட்டாரத்தில் குடியேறியுள்ளன. தங்குவதற்கு உறவினர் வீடோ நண்பர் வீடோ கிடைப்பது அரிதன்று. தெற்கே சென்றால் அனந்தபத்மநாபன் சந்நிதி. வடக்கே சென்றால் வர்க்கலை. இரு திசையிலும் ரயிலில் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன்பு எம் குடும்பத்தாருடன் நாம் இவ்வழியே சென்றபோது எவ்வித ஆயத்தமும் செய்துகொள்ளவில்லை. கோயில்களின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டோம். நடை சாத்தும் வேளையில் போய்ச் சேர்ந்தோம். வேட்டி கொண்டுவர மறந்ததால் வாசலில் வாடகைக்கு வாங்கிக் கட்டிக்கொண்டோம். கூட்டத்தில் நெருக்குண்டு வெளியே வந்தோம். தில்லியில் பயிலும் எம் மகள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தவாறு, "அப்பா, கொள்ளுத்தாத்தா காலத்தில் நாமெல்லாம் இதற்குள்ளே போயிருக்க முடியுமா?" என்று கேட்டாள். பள்ளிப் பாடத்தில் எதையோ படித்திருக்கிறாள் போலும்! உடனே விடை சொல்ல எம்மால் இயலவில்லை. அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

முதலில் ரயில் பாதையின் சரித்திரத்தைக் காண்போம். திருவிதாங்கூருக்கு முதன்முதலில் ரயில் வந்தது தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்துதான். 1904ஆம் ஆண்டில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது. அது கழக்கூட்டம் வழியாகத் திருவனந்தபுரத்தின் சாக்கை வரை நீண்டது 1918 ஜனவரி 1ஆம் நாளில். நகரின் நடுவே தம்பானூரில் இப்போதுள்ள நிலையம் 1931இல் திறக்கப்பட்டது. 1976இல் இப்பாதை அகலப் பாதையாயிற்று. 1979இல் நாகர்கோவிலோடும் கன்னியாகுமரியோடும், 1981இல் திருநெல்வேலியோடும் தெற்குவழி இணைப்பு ஏற்பட்டது. நம் பாட்டன்மார் மலையைச் சுற்றி வந்த ஊருக்கு நாம் இன்று மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் நேரே வந்து இறங்குகிறோம்.

யாத்திரையின் முதல் நாள் விடியற்காலையில் கழக்கூட்டம் மகாதேவர் கோயிலில் தொடங்கட்டும். சிவபெருமானை வணங்கிய பின் இவ்வூரின் பழங்கதையைக் குழந்தைகளுக்குக் கூறவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேணாட்டு அரசனைவிட அதிகாரம் மிக்கவர்களாக எட்டு வீட்டுப் பிள்ளைமார் விளங்கினர். அவர்களுள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. மற்றொருவர் பக்கத்து ஊரான செம்பழந்தியின் பிள்ளை. கோயில் நிலங்களும் வரி வசூலும் இவர்கள் கையில் இருந்தன. 1729இல் பட்டம் ஏறிய மார்த்தாண்டவர்மர் இவர்களது ஆதிக்கத்தை வேரோடு களைந்தார். பிள்ளைமார் கொல்லப்பட்டனர் என்றும், அவர்தம் வீடுகள் இடிக்கப்பட்டு அவ்விடங்களில் குளம் தோண்டப்பட்டது என்றும், பெண்டிரும் பிள்ளைகளும் கடற்கரை மக்களிடம் ஒப்படைக்கப்பட்டனர் என்றும் மரபுச் செய்திகள் கூறுகின்றன. தோற்றவர் தம் தரப்பை எழுதிவைத்துச் செல்லவில்லை. ஆகையால் இக்கதைகளில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை ஆய்ந்தே கொள்ளவேண்டும். சி. வி. ராமன் பிள்ளை 1891இல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவல் இப்பிள்ளைமாரை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது. அதே 1891இல் திருவனந்தபுரத்துக் கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகமும் வெளிவந்தது. 1970 முதல் தமிழக அரசு விழாக்களில் பாடப்பட்டு வரும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்நாடகத்தின் பாயிரத்திலிருந்து எடுக்கப்பட்டதே. ஒரே நகரம், ஒரே ஆண்டு, இரு மொழிகளில் இரு பெருநூல்கள்! தமிழும் மலையாளமும் அந்நகரில் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பின்னர்க் காலை ரயிலில் திருவனந்தபுரம் செல்லவேண்டும். பத்மநாப சுவாமி கோயில் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. நம்மாழ்வார் திருவாய்மொழியில் பாடிய தலம். அரவணையில் துயிலும் பெருமானை மூன்று வாயில்கள் வழியே முகம், நாபி, திருவடி என முறையே சேவிக்கிறோம். இக்கோயிலில் 1750 ஜனவரியில் ஒரு வியத்தகு நிகழ்ச்சி நடந்தது. பிள்ளைமாரை ஒடுக்கி, 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை வென்று, நாட்டை விரிவாக்கிய அதே மார்த்தாண்டவர்மர், தம் வாளைச் சந்நிதியில் வைத்து அரசு முழுவதையும் பெருமானுக்கே தானம் செய்தார். திருப்படித்தானம் என்று இது வழங்கப்படுகிறது. அது முதல் திருவிதாங்கூர் மன்னர் 'பத்மநாப தாசர்' என்ற பெயரோடு ஆண்டனர். காலையில் நாம் கண்ட கழக்கூட்டமும் இக்கருவறையும் ஒரே சரித்திரத்தின் இரு பக்கங்கள். ஒன்றைக் காணாமல் மற்றொன்றைக் கண்டால் பாதியே விளங்கும்.

கோயிலை அடுத்துக் குதிரைமாளிகை உள்ளது. 1829 முதல் 1846 வரை ஆண்ட இசைப்புலவர் சுவாதித் திருநாள் கட்டிய இம்மாளிகையின் இறவாணத்தில் மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் இவ்விடத்தை விட்டு எளிதில் நகரமாட்டார்கள்.

மாலையில் கழக்கூட்டம் திரும்பும்போது தரைவழியே வந்து செம்பழந்தியில் இறங்க வேண்டும். எட்டு வீட்டுப் பிள்ளைமாருள் ஒருவரின் பெயரால் முன்னர் அறியப்பட்ட இவ்வூருக்கு வேறொரு பெரும்புகழ் பின்னர் வந்தது. 1856இல் நாராயண குரு இங்கே வயல்வாரம் என்னும் கூரைவீட்டில் பிறந்தார். அவ்வீடு இன்றும் பேணப்படுகிறது. பிறந்த வீட்டிலிருந்து சில மணி நேரம் நடந்தால் எட்டக்கூடிய பத்மநாபன் கோயிலுக்குள், அவருடைய ஈழவ சமூகத்தார் நுழைய அவர் வாழ்நாள் முழுவதும் அனுமதி இருந்ததில்லை. அவர் 1888இல் அருவிப்புறத்தில் தாமே ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிட்டை செய்தார். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எம்போன்றோர் அவரை வணங்குவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தமிழில் தேர்ந்த புலமை பெற்று, திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர் அவர். தமிழில் பதிகங்களும் பாடியிருக்கிறார்.

இரண்டாம் நாள் வடக்கு நோக்கிய பயணம். கணியாபுரம், முருக்கும்புழை, பெருங்குழி ஆகிய நிலையங்களைக் கடந்தால் சிறயின்கீழ் வரும். நடந்து செல்லும் தூரத்திலேயே சார்க்கரை தேவி கோயில் இருக்கிறது. இங்கே நிகழும் காளியூட்டு விழாவை, காயங்குளத்தை வென்ற நன்றிக்கடனாக 1748இல் மார்த்தாண்டவர்மரே தொடங்கிவைத்தார் என்பது மரபு.

அடுத்த நிலையமான கடைக்காவூரில் இறங்கி ஆட்டோவில் கடற்கரைக்குச் சென்றால் அஞ்சுதெங்குக் கோட்டையை அடையலாம். ஆற்றிங்கல் அரசியின் அனுமதி பெற்று 1690களில் ஆங்கிலக் கம்பெனியார் கட்டிய கோட்டை இது. மிளகு வாணிகத்தில் அவர்கள் செய்த முறைகேடுகளால் மக்களிடையே மனக்கொதிப்பு மூண்டது. 1721 ஏப்ரலில் அரசிக்குரிய ஆண்டுக் காணிக்கையுடன் ஆற்றிங்கல் சென்ற சுமார் 140 ஆங்கிலேயர் கொல்லப்பட்டனர். கோட்டை ஆறு மாத காலம் முற்றுகையில் இருந்தது. ஆங்கிலேயரை எதிர்த்து நம் நாட்டில் எழுந்த மிகப் பழைய கிளர்ச்சிகளில் ஒன்று இது. ஆயினும் ஈராண்டுகளுக்குள், 1723இல், வேணாட்டு அரசு அதே கம்பெனியாருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. உள்நாட்டுப் பிரபுக்களை அடக்க அன்னியரின் துணையை நாடிய அவ்வரசியலின் விளைவைப் பின்வந்த தலைமுறையினர் நன்கு அறிந்தனர். கடற்காற்றில் கரைந்து நிற்கும் அக்கோட்டைச் சுவர் அருகே அமர்ந்து இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

யாத்திரையின் முடிவிடம் வர்க்கலை. பாபநாசக் கடற்கரையில் முன்னோர்க்கு நீர்க்கடன் செலுத்தி, குன்றின்மேல் எழுந்தருளியுள்ள ஜனார்த்தன சுவாமியைத் தொழுதபின், ரயில் நிலையத்தை அடுத்த சிவகிரிக்குச் செல்லவேண்டும். நாராயண குரு 1912இல் சாரதா தேவியைப் பிரதிட்டை செய்த இடமும், 1928இல் சமாதி அடைந்த இடமும் அதுவே. 1925 மார்ச்சில் காந்தியடிகள் இங்கு வந்து அவரைச் சந்தித்தார். அப்போது வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லோரும் நடப்பதற்கான சத்தியாக்கிரகம் நடந்துகொண்டிருந்தது. ஈ. வெ. ராமசாமி அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்று அதில் சிறைப்பட்டதை நாம் அறிவோம்.

இப்போது எம் மகளின் கேள்விக்கு வருவோம். 1918 முதல் இந்த ரயிலில் எவரும் சீட்டு வாங்கிப் பயணம் செய்யலாம். ஆனால் இறங்கியபின், ஈழவரும் நாடாரும் புலையரும் பறையரும் கோயில் வாசலில் நின்றுவிடவேண்டியதுதான். 1936 நவம்பர் 12ஆம் நாள் சித்திரைத் திருநாள் மன்னர் வெளியிட்ட ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால்தான் அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. 1937 ஜனவரியில் காந்தியடிகள் அரிசன மக்களோடு பத்மநாபன் சந்நிதிக்குள் சென்றார். எம் பாட்டனார் கல்குளம் வட்டத்துப் பனைத்தொழில் குடும்பத்தில் பிறந்த திருவிதாங்கூர்ப் பிரஜை. இருபது வயதைக் கடந்த பின்னரே அவருக்கு அவ்வாசல் திறந்தது. ஆக, கொள்ளுத்தாத்தாவின் இளமையில் நாம் உள்ளே சென்றிருக்க முடியாது. இந்த விடையைக் கோயில் வாசலிலேயே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சிவகிரியில்தான் சொல்ல முடிந்தது.

சிவகிரிக்கு ஒரு யாத்திரை ஏற்படுத்தவேண்டும் என்று 1928 ஜனவரியில் அன்பர்கள் வேண்டியபோது, அதன் நோக்கம் என்ன என்று குரு கேட்டாராம். ஊர்கூடிப் போய் வருவதால் மட்டும் பயன் இல்லை என்று கருதி, கல்வி, தூய்மை, ஈசுவர பக்தி, சங்கம், விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என எட்டு நோக்கங்களை அவரே வகுத்தளித்தார். ஆடம்பரம் கூடாது என்றும் சொன்னார். 1932 டிசம்பரின் இறுதியில் ஒரு சிறு குழுவினர் மஞ்சளாடை உடுத்தி நடந்து சென்று அதைத் தொடங்கிவைத்தனர். இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை அது நடைபெறுகிறது.

நம் சிறு யாத்திரைக்கும் அக்கேள்வியையே அளவுகோலாகக் கொள்ளலாம். புறப்படுமுன் குடும்பத்தினர் ஒன்றாய் அமர்ந்து, எவ்விடத்தில் எதைக் காணப்போகிறோம், ஏன் காணப்போகிறோம் என்று பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழந்தையும் ஓர் ஊரின் கதையைச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். எல்லா வண்டிகளும் கழக்கூட்டத்திலும் சிறயின்கீழிலும் நிற்பதில்லை. ஆகையால் கால அட்டவணையை முன்னரே பார்த்துக்கொள்வது அவசியம். பத்மநாபன் கோயிலில் இந்துக்களுக்கு மட்டுமே அனுமதி உண்டு. ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டியும், பெண்டிர் புடவையோ அதற்கொத்த உடையோ அணிந்தே உள்ளே செல்லலாம். நடை திறக்கும் நேரம், மாளிகைக்கும் தும்பையிலுள்ள விண்வெளிக் காட்சிசாலைக்கும் உரிய விடுமுறை நாள், நுழைவு விதிகள் ஆகியவற்றையும் விசாரித்துக்கொள்ளல் நலம். மழைக்காலத்தில் பாபநாசத்தில் கடல் சீறும். குழந்தைகளை நீரில் இறக்கலாகாது.

தொலைவு நாற்பது கிலோமீட்டர்தான். அதற்குள் ஓர் அரசு எழுந்ததும், அன்னியர் காலூன்றியதும், மூடியிருந்த ஒரு வாசல் திறந்ததும் அடங்கியிருக்கின்றன. அன்பர்களே, அடுத்த விடுமுறையில் எஞ்சும் இரண்டு நாட்களைக் கழக்கூட்டத்துக்கு ஒதுக்குங்கள். பத்மநாபன் வாசலில் உங்கள் குழந்தை எம் மகள் கேட்டதையே கேட்டால், அங்கேயே நின்று விடை சொல்லிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள்.