பிரிட்டனிலிருந்து ஓசூருக்குக் குடிபெயர்வோர் கவனத்திற்கு

பிரிட்டனில் பல ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு, பிள்ளைகளோடு தமிழகம் திரும்பி நிலையாகத் தங்க விரும்பும் குடும்பங்களுக்கு ஓசூர் ஏற்ற ஊராகத் தெரிவதில் வியப்பில்லை. பெங்களூரு சுமார் 40 கி.மீ. தூரம்தான். அங்கிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டு. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் எனத் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். வெயிலும் சென்னை அளவுக்கு வாட்டாது. ஆனால் இந்தப் பயணத்தில் ஏற்படும் பெரிய இழப்புகள் இரண்டு இடங்களில்தான் நேர்கின்றன. ஒன்று, பிரிட்டனை விட்டுக் கிளம்பும் முன் செய்யத் தவறியவை. மற்றொன்று, இங்கு வந்ததும் அவசரத்தில் வாங்கும் நிலம். இரண்டையும் முன்கூட்டியே அறிந்துகொள்வதற்காக இதைத் தொகுத்துத் தருகிறோம்.

1. குடியுரிமையும் விசாவும்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. பிரிட்டன் குடியுரிமை பெற்றவர்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்து அதற்கான சான்று பெற்றிருக்க வேண்டும். அதன் பிறகே ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். அந்த அட்டை வாழ்நாள் விசா போன்றது, குடியுரிமை அல்ல. வாக்குரிமை கிடையாது, அரசு வேலை கிடையாது. 2021 மார்ச் 4 அன்று வெளியான மத்திய அரசு அறிவிக்கையின்படி, ஓசிஐ அட்டை உள்ளவர்கள் தப்லீக் பணி, மதப் பிரச்சாரம், பத்திரிகைப் பணி, ஆய்வு ஆகியவற்றில் ஈடுபடச் சிறப்பு அனுமதி பெற வேண்டும். ஜமாஅத்தில் செல்லும் பழக்கம் உள்ளவர்கள் இதை அலட்சியம் செய்ய வேண்டாம்.

இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டு, பிரிட்டனில் நிரந்தரத் தங்கும் உரிமை மட்டும் பெற்றவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. தொடர்ந்து 2 ஆண்டுகளுக்கு மேல் வெளியே இருந்தால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். "பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடலாம்" என்ற எண்ணத்தில் வருபவர்கள் இந்தக் கெடுவை மனதில் வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

2. பிரிட்டன் ஓய்வூதியம்

பலரும் அறியாத செய்தி இது. பிரிட்டன் அரசு ஓய்வூதியத்தை இந்தியாவில் இருந்தபடியே பெறலாம். ஆனால் இங்கு வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் தரப்படும் உயர்வு கிடையாது. முதல் தவணையில் எவ்வளவு வந்ததோ, இங்கு வசிக்கும்வரை அதே தொகைதான். 67 வயதில் போதுமானதாக இருக்கும் பணம் 80 வயதில் போதாமல் போகலாம். எனவே அதை மட்டும் நம்பி வரவு செலவைத் திட்டமிட வேண்டாம்.

முழு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு தேவை. குறைந்தது 10 ஆண்டுகள் இல்லாவிட்டால் எதுவுமே கிடைக்காது. 8, 9 ஆண்டுகளில் நிற்பவர்கள் கிளம்பும் முன் தங்கள் கணக்கைப் பார்த்து, விடுபட்ட ஆண்டுகளுக்குப் பணம் கட்ட வழி உண்டா என்று விசாரியுங்கள். ஓராண்டு குறைவதால் வாழ்நாள் வருமானத்தையே இழக்க நேரிடும்.

3. வரியும் வங்கியும்

கிளம்பும்போது பிரிட்டன் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். சம்பளக்காரர்களுக்குப் பி85 என்ற படிவம் உண்டு. நீண்ட காலம் வெளிநாட்டில் இருந்து திரும்புபவர்களுக்கு இந்திய வரிச் சட்டம் ஒரு சலுகை தருகிறது. வழக்கமாக முதல் 2 ஆண்டுகள் அளவுக்கு வெளிநாட்டில் ஈட்டும் வருமானத்துக்கு இங்கு வரி இல்லை. அதன் பின் அங்குள்ள வீடு, வங்கிக் கணக்கு அனைத்தையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்க இடமுண்டு.

பிரிட்டனில் 2004 முதல் இஸ்லாமிய வங்கி இயங்குகிறது. இந்தியாவில் அப்படி ஒன்றில்லை; அந்த யோசனையைத் தொடரப் போவதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017-இல் தெரிவித்துவிட்டது. வட்டிக் கடன் இல்லாமல் வீடு வாங்க விரும்புபவர்கள் முழுத் தொகையையும் அங்கிருந்தே சேர்த்து வருவதுதான் வழி.

4. நிலம் வாங்குவதில் எச்சரிக்கை

ஓசூர், சூளகிரி, பாகலூர், கெலமங்கலம் பக்கம் நிலம் தேடுபவர்களுக்குத் தரகர்கள் "பண்ணை மனை" என்று தோட்ட நிலத்தையும் காட்டுவார்கள். ஓசிஐ அட்டை உள்ளவர்களும், வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கக் கூடாது என்பது ஃபெமா சட்டத்தின் கீழுள்ள விதி. பத்திரம் பதிவாகிவிட்டாலும் மீறல் மீறலே. சம்பந்தப்பட்ட தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வாரிசுரிமையில் வரும் விவசாய நிலத்துக்கு இந்தத் தடை இல்லை.

வீடும் வீட்டு மனையும் வாங்கலாம். பணம் வங்கி வழியாகவே செல்ல வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைச் சரிபாருங்கள்:

- பட்டா, மூலப் பத்திரம், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று.
- டிடிசிபி அல்லது ஓசூர் புதுநகர் வளர்ச்சிக் குழும அனுமதி. பெரிய மனைப்பிரிவு என்றால் ரெரா பதிவு எண்.
- அந்த சர்வே எண் வக்ஃபு சொத்தா என்று வக்ஃபு வாரியத்தில் விசாரணை. அல்லாஹ்வுக்காக அர்ப்பணித்த நிலத்தை அறியாமல் வாங்கும் நிலை நமக்கு வரக் கூடாது.

சொந்தக்காரர் பெயரில் வாங்கி வைப்பது தீர்வல்ல. அது பினாமிச் சட்டத்தில் கொண்டுபோய்விடும், உறவையும் முறிக்கும்.

5. பிள்ளைகளின் படிப்பு

2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழகப் பள்ளிகளில் 10-ஆம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கும் எழுத வராமல் இருக்கலாம். கிளம்புவதற்கு ஓராண்டு முன்பே எழுத்தைத் தொடங்கிவிடுங்கள். மருத்துவம் படிக்க விரும்பும் ஓசிஐ பிள்ளைகள் நீட் எழுதலாம். ஆனால் 2021 அறிவிக்கைக்குப் பின் அட்டை பெற்றவர்கள் என்ஆர்ஐ இடங்களுக்கு மட்டுமே போட்டியிட முடியும். அதற்கு முன் அட்டை பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது.

6. மருத்துவம்

பிரிட்டனை விட்டு நிலையாக வெளியேறினால் என்எச்எஸ் மருத்துவமனைகளின் இலவசச் சிகிச்சை உரிமை போய்விடும். இங்கு எடுக்கும் மருத்துவக் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள சர்க்கரை, இதய நோய் போன்றவற்றுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். அதுவரையான செலவுக்குத் தனியே பணம் ஒதுக்குங்கள். மருத்துவக் குறிப்புகளின் நகலையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

7. மஹல்லாவும் வஸிய்யத்தும்

வந்ததும் மஹல்லா ஜமாஅத்தில் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். நிக்காஹ் கடிதமும் மையவாடியும் அதைச் சார்ந்தவை. இப்பகுதி முஸ்லிம்களில் உருது பேசுவோர் அதிகம். மொழியை ஒரு தடையாக எண்ண வேண்டாம்.

பிரிட்டனில் வீடோ சேமிப்போ விட்டு வந்தால், அங்கு செல்லும்படியான உயிலை எழுதி வையுங்கள். இல்லையேல் அங்குள்ள வீடு அந்நாட்டு வாரிசுச் சட்டப்படிதான் பங்கு பிரியும். ஷரீஅத் பங்கு கிடைக்காது.

முடிவெடுக்கும் முன் மனைவி, மக்களோடு மஷூரா செய்யுங்கள். முடிந்தால் முதல் ஓராண்டு ஓசூரில் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஊரும் பள்ளியும் பிள்ளைகளுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்த பிறகு மனை வாங்கினால், இன்ஷா அல்லாஹ், பணமும் நிம்மதியும் பாதுகாப்பாக இருக்கும்.