பூனைக்கு ஒரு கழிப்பறை!

நாய்க்குட்டிக்குக் 'கக்கூஸ் பழக்கம்' கற்றுக்கொடுப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். பூனைக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. ஒரு தட்டில் மணலைக் கொட்டி, சாப்பிட்டு முடித்த குட்டியைத் தூக்கி அதில் விட்டால் போதும். பரபரவென்று குழி பறிக்கும், காரியத்தை முடிக்கும், மூடும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி போய்விடும்!

யார் சொல்லிக்கொடுத்த நாகரிகம் இது? வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. வாடையை வைத்து எதிரி மோப்பம் பிடித்துவிடக் கூடாதே என்று மண்ணுக்குள் மறைத்த பழக்கம் அது. சைப்ரஸ் தீவில், 9,500 வருடங்களுக்கு முந்தைய கல்லறை ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் புதைத்திருந்தார்கள். 2004-ல் வெளியான செய்தி இது. அத்தனை பழைய சிநேகம்! இருந்தும் என்ன... ராத்திரியானால் பூனையை வெளியே விட்டுக் கதவைச் சாத்துவதுதான் பல நாடுகளில் அந்தக் காலத்து வழக்கமாக இருந்தது. காரணம், அந்த நாற்றம்!

கதவைத் திறந்துவிட்டவர் எட் லோ என்ற அமெரிக்கர். மிச்சிகன் மாநிலத்தில், தொழிற்சாலைத் தரையில் சிந்தும் எண்ணெயை உறிஞ்சும் பொருட்களை அப்பாவுடன் சேர்ந்து விற்றுக்கொண்டிருந்தார். 1947 ஜனவரி. கடுங்குளிர். மணல் குவியல் உறைந்துபோனதால் பூனைக்குச் சாம்பலைப் போட்டுப் பார்த்திருக்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். வீடு பூராவும் கரிக்கால் தடம்! "கொஞ்சம் மணல் கிடைக்குமா தம்பி?" என்று வந்து நின்றார். லோ கொடுத்தது ஃபுல்லர்ஸ் எர்த். அதாவது, நம் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் அதே முல்தானி மிட்டி!

ஈரத்தையும் வாடையையும் அது அப்படியே உறிஞ்சிக்கொண்டது. அந்த அம்மாள் மறுபடி வந்து கேட்க, லோவுக்குப் பொறி தட்டியது. ஐந்து பவுண்டு பைகளில் நிரப்பி, 'கிட்டி லிட்டர்' என்று கையால் எழுதிக் கடைக்குக் கொண்டுபோனார். விலை 65 சென்ட். "மணல் கொள்ளை மலிவு. மண்ணுக்கு எவன்யா 65 சென்ட் குடுப்பான்?" என்பதுபோலப் பார்த்தார் கடைக்காரர். "அப்படின்னா சும்மா குடுங்க!" என்றார் லோ. இலவசமாக வாங்கிப்போனவர்கள், காசோடு திரும்பி வந்தார்கள். 1990-ல் லோ தொழிலை விற்றபோது கைக்கு வந்தது சுமார் 20 கோடி டாலர்!

1980-களில் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும் பென்டோனைட் களிமண் வந்தது. கட்டியை மட்டும் அள்ளிப் போட்டால் வேலை முடிந்தது. வெளியே வண்டியில் அடிபட்டும் சண்டையில் கடிபட்டும் செத்துக்கொண்டிருந்த பூனைகளுக்கு வீட்டுக்குள்ளேயே முழு ஆயுசு வாழ வழி பிறந்தது. அதே 1980-களில் அமெரிக்க வீடுகளில் நாய்களை எண்ணிக்கையில் பூனைகள் முந்திவிட்டன.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஒழுங்காக இருந்த பூனை திடீரென்று தட்டை விட்டு வெளியே போனால், 'திமிரு' என்று அடிக்காதீர்கள். முதலில் தட்டு சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஆண் பூனை தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையா? அடைப்பாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஓரிரு நாள் தாமதம்கூட உயிரைக் குடித்துவிடும். பேசத் தெரியாத ஜீவனுக்கு, அந்த மண் தட்டுதான் வாய்!