தோட்டத்துத் திரையும் நகைச்சுவைப் படங்களும்



எங்கள் ஊரின் பெயர் பெடாஸ். மலாய் மொழியில் அதற்குக் காரம் என்று பொருள். ரெம்பாவ் வட்டாரத்தில் வெந்நீர் ஊற்றுக்குப் பெயர்பெற்ற ஊர். இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, வாளி சுமந்து லயம் திரும்பியவர்களின் பிள்ளைகளில் நானும் ஒருவன். கோயில் திருவிழா இரவில் திடலில் இரண்டு கம்பம் நட்டு, வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் அமர்வார்கள். வலக்கை இடக்கையாகத் தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார்கள். அழுகைக் காட்சிக்கு அம்மாமார்கள் முந்தானையை எடுப்பார்கள். ஆனால் மறுநாள் நிரையில் பேச்செல்லாம் சிரிப்புக் காட்சியைப் பற்றித்தான் இருக்கும் என்று என் தந்தையார் சொல்வார்.

உழைத்துக் களைத்தவர்களை அப்படிச் சிரிக்க வைத்தது எது? அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

1936ஆம் ஆண்டில் 'சதி லீலாவதி' என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். கதாநாயகன் ஊரைவிட்டு ஓடி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக வேலை செய்கிறான். பேசும் படம் தமிழுக்கு வந்து ஐந்தே ஆண்டுகளில் தோட்டத் தொழிலாளி திரையில் தோன்றிவிட்டான் பாருங்கள்! அந்தப் படத்தில் என்.எஸ்.கிருஷ்ணனும் நடித்தார். நாகர்கோவில் பக்கத்தில் 1908இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். தம் நகைச்சுவைப் பகுதியைத் தாமே எழுதி நடித்தார். பிறகு டி.ஏ.மதுரத்துடன் இணைந்து, கணவனும் மனைவியும் வாதாடுவதையே சிரிப்பாகவும் பாடமாகவும் ஆக்கினார்.

அதே 1936இல் அமெரிக்காவில் சார்லி சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' வெளிவந்தது. அதில் தொழிலாளிக்குச் சாப்பாட்டு நேரத்தை மிச்சப்படுத்த ஓர் ஊட்டும் இயந்திரம் வருகிறது. அது கெட்டுப்போய் அவன் முகத்தை அடிக்கிறது. நாம் சிரிக்கிறோம். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? அடிபட்டவனை அல்ல, மனிதன் சாப்பிடும் நேரத்தையும் கணக்குப் பார்த்த முதலாளியின் புத்தியைப் பார்த்துத்தான். நகைச்சுவையின் முதல் இரகசியம் இதுதான்.

இரண்டாவது இரகசியம் சொல்லில் இருக்கிறது. 1941இல் ஏவி. மெய்யப்பச் செட்டியார் எடுத்த 'சபாபதி', பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகக் கதை. எசமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர். எசமான் டி.ஆர்.இராமச்சந்திரன், வேலைக்காரன் காளி என். ரத்தினம். சொன்னதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே செய்து காரியத்தைக் கெடுப்பான் அந்த வேலைக்காரன். "விளக்கை அணை" என்றால் ஊதாமல் கட்டிப்பிடிக்கிறவனை நினைத்துக்கொள்ளுங்கள். உத்தரவு போடுகிறவருக்குக் கோபம். ஆனால் குற்றம் சொல்ல வழியில்லை. உத்தரவுக்கு அடங்கியே வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு இனித்திருக்கும்!

மூன்றாவது, நம் பாட்டை நாமே திரையில் அடையாளம் காண்பது. 1965இல் வந்த ஏ.பி.நாகராசனின் 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் ஏழைப் புலவர் தருமியாக வருகிறார். நடிக்க வருமுன் ரயில்வே குமாஸ்தாவாக இருந்தவர் அவர். பாட்டில் பிழை என்று சபையில் சொன்னதும், பிழைக்குத் தக்கபடி பரிசைக் குறைத்தாவது கொடுக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார். அரைச் சம்பளம் போட்ட நாளின் வயிற்றெரிச்சல் நம் பெற்றோருக்குத் தெரியும். அதனால்தான் அந்த இடத்தில் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நான்காவது, கேட்பவர் முகம். ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964இல் வந்தது. நாகேஷ் பயங்கரக் கதை சொல்கிறார், டி.எஸ்.பாலையா கேட்கிறார். கதையை மறந்தவர்கள்கூடப் பாலையாவின் முகத்தை மறக்கவில்லை.

நம் நாட்டிலும் இந்த மரபு உண்டு. மதராசில் பிறந்த எல்.கிருஷ்ணன், 1950இல் 'பக்தி' என்ற மலாய்ப் படத்தில் பி.ரம்லியைக் கதாநாயகனாக்கினார். அந்த ரம்லி 1959இல் எடுத்த 'பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்' படத்தில், எழுத்தறியாத மூன்று பேர் வளர்ந்த வயதில் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டித் திணறுகிறார்கள். ஆசிரியனான நான் எத்தனை முறை பார்த்தாலும் சிரிக்கிறேன். எழுத்து தெரியாதவனை அவமதிக்காமல், எழுத்தின் அருமையைச் சொல்கிறது அந்தக் காட்சி. 1949இல் வந்த 'நல்ல தம்பி' படத்தில் என்.எஸ்.கிருஷ்ணன் செய்த 'கிந்தனார்' கதையும் அப்படித்தான். நந்தனார் சிதம்பரம் போகத் துடித்தார். கிந்தனோ படிப்பதற்காகப் பட்டணம் போகத் துடிக்கிறான்.

1989இல் 'கரகாட்டக்காரன்' வந்தது. கவுண்டமணியும் செந்திலும் செய்த வாழைப்பழக் கணக்கைத் தெரியாத தமிழ்ப் பிள்ளை உண்டா? ஒருவர் கொதிக்கக் கொதிக்க மற்றவர் அமைதியாகிறார். அதுதான் அதன் சூட்சுமம். ஆனால் அந்தக் காலம் முதல் பல படங்களில் வேறொன்றும் வளர்ந்தது. நிறத்தையும் உடம்பையும் சொல்லித் திட்டுவதே நகைச்சுவை என்றாகிவிட்டது.

ஒருநாள் என் வகுப்பில் ஒரு பையன், கறுத்த நிறமுள்ள ஒரு மாணவியைப் படத்தில் வரும் பட்டப்பெயரால் அழைத்தான். வகுப்பே சிரித்தது. அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. பையனைக் கண்டிக்க வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. முதல்நாள் இரவு தொலைக்காட்சியில் அதே காட்சியைப் பார்த்து நானும் சிரித்திருந்தேன். பிறகு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய தாயார், "சார், படத்துல சொன்னா சிரிக்கிறோம். எம்புள்ளையச் சொன்னா எப்படிச் சிரிக்கிறது?" என்று கேட்டார். பயிற்சிக் கல்லூரியில் நான் படித்த எந்தப் பாடமும் அந்தக் கேள்விக்கு ஈடாகவில்லை.

அன்பான பெற்றோர்களே, இரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. திடலில் கட்டிய துணியும் போய், படம் கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. சிரிப்பதை நிறுத்த வேண்டாம். பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள், வாய்விட்டுச் சிரியுங்கள். பார்த்து முடித்ததும், "இதில் நாம் யாரைப் பார்த்துச் சிரித்தோம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உயரத்தில் இருந்துகொண்டு ஆணவம் காட்டியவனைப் பார்த்தா, நம்மைப் போல் கீழே நிற்பவனைப் பார்த்தா என்று பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பிள்ளை நான்காம் நாள் பள்ளிக்கு வந்தாள். அவளும் சேர்ந்து சிரிக்கக்கூடிய சிரிப்பே நல்ல நகைச்சுவை.