பறங்கி என்னும் சொல்லும் தண்டுவட நீரும்

நோய்க்குப் பெயர் சூட்டும்போது மனிதர் எக்காலத்தும் அயலானையே குற்றவாளியாக்கி வந்துள்ளனர். சிபிலிஸைப் பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். இத்தாலியரோ அதையே பிரெஞ்சு நோய் என்றனர். பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் தம் பாவப்பிரகாசத்தில் அதைப் 'பிரங்க ரோகம்' என்று குறித்தார். தமிழில் அது பறங்கிப்புண் ஆயிற்று. அதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்குக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர் நின்றது. (சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டையோடு இதைக் குழப்பிக்கொள்வாரும் உளர்.)

சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) தன்வந்திரி மகாலில் தொகுப்பித்த வைத்திய முறைகள் தஞ்சைச் சரசுவதி மகாலில் உள்ளன. திருவையாற்றில் தமிழ் கற்பிக்கும் நாம் இத்தகைய மருத்துவச் சுவடிகளைப் படிக்கையில் இரண்டு சொற்களில் தயங்கி நிற்கிறோம். ஒன்று மேகம். இது வானத்து முகில் அன்று; வடமொழியில் சிறுநீர் தொடர்பான 'மேஹ' என்பதன் தமிழ் வடிவம். மேகநோய் என்னும்போது அது எந்த நோய் என்று இடம் நோக்கியே கொள்ள வேண்டும். மற்றொன்று பறங்கி.

கடலைக் கடந்தால் இச்சொல்லின் பொருளே மாறிவிடுகிறது. இலங்கையில் 'பறங்கி' எனப்பட்டது யாஸ் என்னும் தோல்நோய். பெரும்பாலும் ஏழைச் சிறுவரைப் பற்றுவது, தொட்டாலே பரவுவது, உடலுறவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1905இல் பெர்லினில் ஷௌடினும் ஹோஃப்மனும் சிபிலிஸின் கிருமியைக் கண்டனர். அதே ஆண்டில் கொழும்பில் காஸ்டெலானி யாஸின் கிருமியைக் கண்டார். நுண்ணோக்கியில் இரண்டும் ஒரே திருகுச் சுருள்! 1906இல் வாஸர்மனின் இரத்தச் சோதனை வந்தபோதும் இக்குழப்பம் தீரவில்லை. இரு நோயாளரின் இரத்தமும் ஒரே விடையைத் தந்தது. போதாக்குறைக்குத் தொழுநோயும் மலேரியாவும் கூட அச்சோதனையில் பொய்யான 'உண்டு' காட்டக்கூடியவை. இவை மலிந்திருந்த நாட்டில், அந்த ஒற்றை வரிச் சீட்டால் ஒழுக்கம் கெட்டவன் என்று பெயர் வாங்கியவருள் எத்தனை பேர் நிரபராதிகளோ!

இரத்தம் கைவிட்ட இடத்தில்தான் தண்டுவட நீர் துணைக்கு வந்தது. 1891இல் கீல் நகரத்துக் குவின்கே, இடுப்பு முள்ளெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி அந்நீரை எடுக்கும் முறையை வகுத்திருந்தார். யாஸ் மூளையையும் தண்டுவடத்தையும் தொடுவதில்லை என்பது மருத்துவ நூல்களின் பொதுக் கருத்து. சிபிலிஸ் தொடும். தொற்றிப் பத்து, இருபது ஆண்டுகள் கழிந்தபின், தன்னை மன்னன் என்றும் கோடீசுவரன் என்றும் பிதற்றி, நினைவிழந்து, நாக்குழறி, முடங்கி மடியும் 'ஜெனரல் பாரஸிஸ்' அதன் கோர முகம். 1913இல் நோகுச்சியும் மூரும் அவ்வாறு இறந்தோரின் மூளையிலேயே கிருமியைக் காட்டினர்.

சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1871 முதல் மனநோயாளர் விடுதி இருந்தது. இந்தியரிடம் ஜெனரல் பாரஸிஸ் அரிது என்று காலனிய மருத்துவர் பலர் எழுதினர். முதுகில் ஊசி போட்டுப் பாராத இடத்தில் அது அரிதாகத்தானே தோன்றும் என்பது நம் எண்ணம். பிற்காலத்தில் சென்னைப் பொது மருத்துவமனையில் ஆர்.வி. ராஜம் வளர்த்த பால்வினை நோய்த் துறை தனி நிறுவனமாகவே உயர்ந்தது.

சோதனையின் நுட்பம் சுவையானது. 1941இல் மேரி பாங்க்பார்ன் மாட்டு இதயத்திலிருந்து கார்டியோலிபினைப் பிரித்தெடுத்தார். 1946இல் அதைக் கொண்டு வி.டி.ஆர்.எல். சோதனை உருவாயிற்று. இரத்தத்தின் தெளிநீரை முதலில் 56 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். தண்டுவட நீருக்கு அது வேண்டா. ஒரு சொட்டு மருந்தோடு தட்டை எட்டு நிமிடம் சுழற்றி, நுண்ணோக்கியில் திரள் தெரிகிறதா என்று பார்ப்பர். திரள் தெரிந்தால் நோய் ஏறத்தாழ உறுதி. தெரியாவிட்டால் நோய் இல்லை என்று சொல்ல முடியாது. நோயாளர் பலரிடமும் அது தெரிவதில்லை. எடுக்கும்போது குருதி கலந்துவிட்டால் பொய்யான திரளும் காணலாம். ஆகவே அந்நீரிலுள்ள வெள்ளணுக்களை எண்ணி, புரதத்தையும் அளந்து, நோயாளியின் கண்மணியையும் நடையையும் பார்த்தே மருத்துவர் முடிவுசெய்கின்றனர்.

1917இல் வாக்னர்-யௌரெக் இந்நோயாளருக்கு மலேரியாவை ஏற்றிக் காய்ச்சலால் மருத்துவம் செய்தார். 1927இல் நோபல் பரிசும் பெற்றார். இரத்தச் சோதனையைக் கெடுக்கும் மலேரியாவே மருந்தான விந்தை அது. 1943இல் மஹோனி பென்சிலினைக் கொண்டு சிபிலிஸைக் குணப்படுத்தியபின் அம்முறை மெல்ல மறைந்தது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன், நிர்மலா ஆகியோரின் ஆய்வு இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாக வெளிப்படுத்தியது. எச்.ஐ.வி.யே தண்டுவட நீரில் வெள்ளணுக்களைப் பெருக்க வல்லது என்பதால் இந்தப் பழைய கணக்கு மறுபடியும் சிக்கலாயிற்று. 2016இல் யாஸ் ஒழிந்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. பறங்கி என்னும் சொல்லின் இரு பொருள்களுள் ஒன்று இனி மருத்துவருக்குத் தேவையில்லை. சுவடி படிப்போருக்கு இரண்டும் தேவை.