ஓய்வூதியம் யார் தந்த கொடை?

நம் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது. குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் வேண்டும் என்கிறது. எழுபது தாண்டி வாரியத்திலிருந்து விலகியவருக்குச் சாப்பாட்டுக்கு நிலம் இருந்தது. நிலமில்லாத குமாஸ்தாவுக்கு ஓய்வூதியம்தான் நிலம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பிரெஞ்சில் ஓய்வூதியத்துக்கு ‘ரெத்ரேத்’ என்று பெயர். படை பின்வாங்குவதற்கும் அதே சொல்தான். பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பெர், 1673-லேயே ஊனமுற்ற கடற்படையினருக்கு ஒரு நிதி ஏற்படுத்தினார். அது அரசன் மனமிரங்கித் தந்தது. இங்கே வெள்ளைக்காரன் போட்ட 1871-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டமும் அதே நினைப்பில் எழுந்ததுதான். ஓய்வூதியம் பற்றி, கலெக்டரின் சான்று இல்லாமல் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது.

இந்த நினைப்பை மாற்றியவர் டி.எஸ். நகரா. பாதுகாப்புத் துறையில் நிதி ஆலோசகராக இருந்து 1972-ல் ஓய்வு பெற்றவர். 1979-ல் மத்திய அரசு ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும்தான் அது என்றது. ஒரு நாள் முன்னால் போனவருக்குப் பழைய கணக்கு. நகராவும் ‘காமன் காஸ்’ சங்கமும் உச்ச நீதிமன்றம் போனார்கள். தலைமை நீதிபதி சந்திரசூட் உள்ளிட்ட ஐவர் அமர்வு 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்புச் சொன்னது. ஓய்வூதியம் அரசின் தயவு அல்ல, செய்த வேலைக்கான உரிமை. ஒரு தேதியை வைத்து ஓய்வூதியரைப் பிரிப்பது அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவுக்கு விரோதம் என்றது. அந்த நாளைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

கம்யூட்டேஷன் செய்த பகுதி 15 ஆண்டில் திரும்பக் கிடைப்பதும் ‘காமன் காஸ்’ போட்ட இன்னொரு வழக்கினால்தான். அதன் தீர்ப்பு 1986-ல் வந்தது.

உரிமைதான் என்றாலும் தேதியை நாம்தான் கவனிக்க வேண்டும். கம்யூட்டேஷனுக்கு 15 ஆண்டு முடியும் மாதத்தைக் குறித்து வையுங்கள். பிடித்தம் நின்றதா என்று பாருங்கள். 80 வயது நிறைந்தால் 20 விழுக்காடு கூடுதல் ஓய்வூதியம் உண்டு; ஆணைப் புத்தகத்தில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆண்டு நேர்காணலைத் தவறவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், வீட்டுக்காரம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் குடும்ப ஓய்வூதியத்துக்காக அதே புத்தகத்தில் பிழையின்றி இருப்பது. ஆதாரில் ஓர் எழுத்து, புத்தகத்தில் வேறு எழுத்து என்றால் நாம் போன பிறகு கருவூலத்துக்கு அலையப்போவது அவர்தான். கையெழுத்துப் போட நாம் இருக்கும்போதே அதைத் திருத்திவிடுவது நல்லது.